தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்து பெஞ்சு

இந்த வாரம் நோட்டுகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 31. 1998லிருந்து 2022 வரை பள்ளியில் மாணவர் ஆலோசகராக இருந்த காலத்தில் எழுதியவை. பள்ளியின் பதிவேடுகள் பள்ளியிலேயே பூட்டிய அலமாரியில் இருக்கின்றன. இவை எனக்காக எழுதிக்கொண்டவை. பெயர் கிடையாது, வகுப்பு கிடையாது, எனக்கு மட்டும் புரிகிற சுழிகளும் கோடுகளும். ஆனாலும் எனக்குப் பிறகு யார் கையிலும் கிடைக்கக் கூடாது. தினம் இரண்டு நோட்டு என்று கணக்கு. செகந்திராபாத் பத்மாராவ் நகரில் எங்கள் வீட்டுக்கு ஸ்கந்தகிரி கோவில் மணி கேட்கும். மணி அடித்து, காபி குடித்து, பால்கனியில் உட்கார்ந்தால் ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும். கிழிப்பதற்கு முன் படிக்கக் கூடாது என்றுதான் தீர்மானம். படித்துவிடுகிறேன்.

எல்லா நோட்டிலும் திரும்பத் திரும்ப வரும் வாக்கியம் ஒன்று இருக்கிறது. மூன்று பாஷையில் வருகிறது. "ஏம் லே மேடம்." "குச் நை மிஸ்." "ஒண்ணுமில்ல மிஸ்."

தெலுங்கில் அது வாய்க்குள்ளேயே முடிந்துவிடும். தக்கனி உருதுவில் அந்த 'நை' கொஞ்சம் இழுபடும், சில நாள் அந்த இழுப்பிலேயே விஷயத்தின் நுனி தெரிந்துவிடும். தமிழ்ப் பிள்ளைகள் சொல்லும்போது கேட்பதுதான் எனக்குக் கஷ்டம். அதே சொல்லை அதே தொனியில் நான் சொல்லியிருக்கிறேன்.

*

1974ல் ஏழாம் வகுப்பு. அப்பாவுக்கு லல்லாகுடா ரயில்வே பட்டறையில் வேலை. அந்த வருஷம் மே 8ஆம் தேதி நாடு முழுக்க ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. பதினேழு லட்சம் தொழிலாளிகள், இருபது நாள். போராட்டத் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் பெயரை எங்கள் வீட்டில் சொந்தக்காரர் பெயரைப் போலச் சொல்வார்கள். 27ஆம் தேதி போராட்டம் வாபஸ் ஆனது. வேலை போன பல ஆயிரம் பேரில் அப்பாவும் ஒருவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்து சிலக்கலகூடாவில் ஓர் அறைக்குப் போனோம். அம்மா ஊறுகாய் போட்டு விற்றாள். 1977ல் ஜனதா அரசு வந்து எல்லோரையும் திரும்ப எடுத்துக்கொள்ளும் வரை அப்படித்தான் ஓடியது. மூன்று வருஷம் என்று எழுதுவது சுலபம். ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது என்று சொன்னால்தான் எனக்கு அதன் நீளம் தெரிகிறது.

பள்ளியில் மாதா மாதம் பத்தாம் தேதி ஃபீஸ் கட்டாதவர்கள் பட்டியலை வகுப்பில் வாசிப்பார்கள். பெயர் வந்தவர்கள் வெளியே போக வேண்டும், கட்டுகிற வரை. பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. அந்தக் காலத்தில் பல பள்ளிகளில் அதுதான் வழக்கம். வாசித்த டீச்சருக்கும் அது பிடிக்கவில்லை என்பது அவர் என் பெயரை மட்டும் வேகமாக வாசித்ததில் தெரிந்தது. இனிஷியலை விழுங்கிவிடுவார்.

வராந்தாவின் கோடியில் ஒரு பெரிய மண்பானை, மரத்தட்டு மூடி, சங்கிலியில் கட்டிய டம்ளர். பக்கத்தில் ஒரு கால் ஆடுகிற பெஞ்சு. அது ஆயம்மாவின் இடம். இந்த ஊர்ப் பள்ளிகளில் ஆயாவை ஆயம்மா என்பார்கள். அவள் அங்கே உட்கார்ந்து, ராத்திரி சமையலுக்கு வாங்கிய ரேஷன் அரிசியை முறத்தில் போட்டுக் கல் பொறுக்குவாள். முதல் நாள் என்னைப் பார்த்து, "ஏமைந்தி பிட்டா?" என்றாள். என்ன ஆச்சு குழந்தை. தெலங்கானாவில் பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அந்த 'ட்டா'வை அழுத்தாமல் மெதுவாகச் சொல்ல வேண்டும். நான், "ஏம் லே" என்றேன். பிறகு தமிழிலும் சொன்னேன், அவளுக்குத் தமிழ் தெரியாது என்று தெரிந்தும். "ஒண்ணுமில்ல."

அவள் மறுபடி கேட்கவில்லை. முறத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

அரிசியில் கல் பொறுக்குவது விசேஷமான வேலை. கண் கீழே பார்த்துக்கொண்டிருக்கும், விரல் ஓடிக்கொண்டிருக்கும், வாய்க்கு வேலை கிடையாது. மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, கல்லைத் தூக்கிப் போட்டுக்கொண்டே அப்பாவுக்கு வேலை இல்லை என்று சொன்னேன். எங்கள் பாடப் புத்தகத்து ஆட்களைப் போல அவள் எதையும் உபதேசிக்கவில்லை. "நீள்ளு தாகு, பிட்டா" என்றாள். தண்ணீர் குடி. அடுத்த நாளிலிருந்து இடைவேளை மணி அடித்ததும் டம்ளரில் தண்ணீர் மொண்டு கொடுக்கிற வேலையை எனக்குக் கொடுத்துவிட்டாள். வெளியே நிற்பவள் என்கிற பெயர் போய், தண்ணீர் ஊற்றுகிறவள் ஆனேன். பிள்ளைகள் என்னிடம் வரிசையில் நின்றார்கள். இதை அவள் யோசித்துத்தான் செய்தாளா, இடுப்பு வலிக்காக ஆள் பிடித்தாளா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

அவளைத் தெய்வமாக்கிவிடக் கூடாது. சின்னப் பையன்களைத் துடைப்பக் குச்சியால் விளாசுவாள். சில வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி அவள் பேசியதை இங்கே எழுத முடியாது. என் விஷயத்தை அவள் தலைமை ஆசிரியையிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த அறைக்குள் நுழைய அவளுக்கே பயம்.

*

அந்தப் பள்ளிக்கு நடந்து போகிற வழியில் மஹபூப் கல்லூரி வரும். 1862ல் சோமசுந்தர முதலியார் தொடங்கியது. 1893 பிப்ரவரி 13ஆம் தேதி, சிகாகோ போவதற்கு முன் விவேகானந்தர் அங்கே பேசியிருக்கிறார். அப்பா ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்வார், செகந்திராபாத்தில் ஒரு தமிழன் கட்டிய பள்ளிக்கூடம் என்று. வேலை இல்லாத நாட்களில் கொஞ்சம் அதிகமாகவே சொன்னார்.

இன்னொரு முதலியாரைப் பற்றி எம்.ஏ. படிக்கும்போதுதான் தெரிந்தது. டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், பிரசவ மருத்துவர். 1952-53ல் இந்திய இடைநிலைக் கல்வி ஆணையத்துக்குத் தலைவராக இருந்தார். பள்ளிகளில் பயிற்சி பெற்ற வழிகாட்டும் அதிகாரிகளும், வேலை வாய்ப்பு பற்றி எடுத்துச் சொல்லும் ஆசிரியர்களும் படிப்படியாக எல்லா இடத்துக்கும் வர வேண்டும் என்று அந்த அறிக்கை கேட்டது. 1954ல் டெல்லியில் அதற்காக ஒரு மத்திய அலுவலகமும் ஏற்படுத்தினார்கள். உஸ்மானியா ஆர்ட்ஸ் காலேஜின் அந்தப் பெரிய தூண்களுக்குப் பின்னால் உட்கார்ந்து இதைப் படித்தபோது விரல் விட்டு எண்ணினேன். அறிக்கை வந்து இருபத்தோரு வருஷம் கழித்து நான் பானைப் பக்கத்தில் நின்றேன். 'படிப்படியாக' என்ற சொல்லின் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டேன். நூலகப் புத்தகம், செய்திருக்கக் கூடாது.

*

சில வருஷம் பாடம் எடுத்தேன். 1998ல் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஆலோசகர் வேலை கிடைத்தது. சி.பி.எஸ்.இ. தேர்வுக் காலத் தொலைபேசி ஆலோசனையைத் தொடங்கியதும் அதே வருஷம்தான். அதனால் திடீரென்று பள்ளிகளுக்கு ஒரு ஆலோசகர் தேவைப்பட்டார் என்று நினைக்கிறேன், அல்லது 'ஆலோசகர்' என்ற பலகை.

பலகை நன்றாக இருந்தது. பித்தளை எழுத்து. அறை, பிரின்சிபால் அறைக்கு அடுத்தது. கண்ணாடிக் கதவு, ஏ.சி., சுழல் நாற்காலி. எதிரே பெற்றோர்கள் காத்திருக்கும் சோபா. முதல் மூன்று மாதத்தில் அந்த அறைக்குத் தானாக வந்த பிள்ளைகள் யாருமில்லை. அனுப்பப்பட்டவர்கள் வந்தார்கள், சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு. அந்த வராந்தாவில் நடந்தாலே 'என்ன செஞ்சே?' என்று நாலு பேர் கேட்பார்கள். அங்கே ஒரு பிள்ளை எப்படித் தானாக நடந்து வரும்?

வந்தவர்களில் பாதிப் பேர் பெற்றோர்கள். அவர்கள் எதிர்பார்த்தது வேறு. நம் ஊரில் கவுன்சிலிங் என்றால் இன்ஜினீயரிங் சீட். அப்போதெல்லாம் சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வாசலில் கல்யாணக் கூட்டம் போல நிற்பார்களே, அது. இங்கே அப்போது எம்செட் கவுன்சிலிங். ஒரு அப்பா ராங்க் கார்டை என் மேஜை மேல் வைத்து, "மேடம், இதுக்கு சி.எஸ்.ஈ. வருமா, ஈ.சி.ஈ. வருமா?" என்று கேட்டார். நான் பையனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். அவர், கவுண்டர் மாறி வந்துவிட்டவர் போலச் சுற்றிப் பார்த்தார்.

ஒரு வருஷம் கெஞ்சி அறையை மாற்றிக்கொண்டேன். நூலகத்துக்குப் பின்னால், விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. வாசலை ஒட்டித் தண்ணீர்க் குழாய். தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லி யாரும் எந்த வகுப்பிலிருந்தும் வரலாம். பித்தளைப் பலகையைக் கொண்டுவர மறந்துவிட்டேன். மறந்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.

*

அந்த அறை பற்றிய குறிப்புகள் நோட்டு 4ல் இருக்கின்றன. கிழிப்பதற்கு முன் இங்கே எழுதிக்கொள்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிற யாருக்காவது உதவும்.

நாற்காலிகள் நேருக்கு நேர் வேண்டாம். கொஞ்சம் சாய்த்துப் போட வேண்டும், இரண்டு பேரும் ஜன்னலைப் பார்க்கிற மாதிரி. கடிகாரம் பிள்ளையின் தலைக்குப் பின்னால் இருக்க வேண்டும். நாம் மணிக்கட்டைப் பார்த்தால் அதோடு பேச்சு முடிந்தது. மேஜையில் டிஷ்யூ பெட்டி வைத்திருந்தேன், பிறகு எடுத்துவிட்டேன். 'இங்கே அழ வேண்டும்' என்று சொல்வது போல இருந்தது. அழுதால் குழாய் இருக்கிறது, முகம் கழுவிக்கொள்ளலாம்.

பாட்டியின் பல்லாங்குழியைக் கொண்டுபோய் வைத்தேன், புளியங்கொட்டைகளோடு. தெலுங்குப் பிள்ளைகள் அதை வாமன குண்டலு என்று அடையாளம் கண்டுகொண்டார்கள். ப்ளஸ் டூ பையன்கள்கூட விளையாடினார்கள். இந்த யோசனை எந்தப் பயிற்சியிலும் கிடைத்ததில்லை, முறத்திலிருந்து வந்தது. ஒரு பெண் இரண்டு மாதம் வாரா வாரம் வந்து வெறுமனே ஆடிவிட்டுப் போனாள். ஒன்பதாவது வாரம் காசி குழிக்காகக் கொட்டையைப் போட்டுக்கொண்டே, வீட்டில் அம்மா மூன்று மாதமாக இல்லை என்றாள். அவள்தான் தம்பிக்குச் சமைத்துப் போட்டு, அம்மா கையெழுத்தையும் போட்டு, பள்ளிக்கு வந்துகொண்டிருந்தாள். ரிப்போர்ட் கார்டில் அந்தக் கையெழுத்து வெகு அழகாக இருந்தது, சந்தேகம் வந்திருக்க வேண்டும். உண்மையான அம்மாக்கள் அவசரத்தில்தான் கையெழுத்துப் போடுவார்கள்.

அறையில் பாய் விரித்திருந்ததால் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் வருவார்கள். அதில் ஒரு விஷயம் தெரிந்தது. முக்கால் மணி நேரம் மார்க், சிநேகிதி, மேத்ஸ் சார் என்று பேசிவிட்டு, கிளம்பும்போது வாசலில் குனிந்து ஷூ கயிறு கட்டுவார்கள். அப்போதுதான் அந்த ஒரு வாக்கியம் வரும். முகம் தெரியாது, குரல் தரையைப் பார்த்துப் பேசும். சில வருஷத்துக்குப் பிறகு நானும் அவர்களோடு எழுந்துபோய் வாசல் படியில் உட்கார ஆரம்பித்தேன். கடைசி ஐந்து நிமிஷத்தை ஷூவுக்கென்று ஒதுக்கிவைத்தேன்.

*

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க மிஸ்."

ஆரம்பத்தில் சொல்லியிருக்கிறேன். வெட்கத்தோடு எழுதுகிறேன். ஒரு குழந்தை கையை நீட்டிச் சத்தியம் கேட்கும்போது மறுப்பது கடினம். பிறகு கற்றுக்கொண்டேன். முதல் நாளே, எதுவும் பேசுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும்: "இங்கே பேசறது இங்கேயே இருக்கும். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னா, வேற யாருக்காவது ஆபத்துன்னா, யாராவது உன்னைக் கஷ்டப்படுத்தறாங்கன்னா, நான் சொல்லியே ஆகணும். யார்கிட்ட சொல்லப்போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லிடுவேன்."

2012ல் போக்சோ சட்டம் வந்தபோது மூன்றாவது விஷயம் சட்டமாகவே ஆனது. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருக்கிறது என்று தெரிந்தால் போலீசிடம் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவில் தண்டனை. ஆசிரியர் அறையில் அதைக் கேட்டு முணுமுணுத்தவர்கள் உண்டு, பள்ளியின் பெயர் என்ன ஆவது என்று. எனக்கு அந்தச் சட்டம் முதுகெலும்பு மாதிரி உதவியது. அதற்கு முன் பேசிப்பார்க்கலாம், சமாதானமாகப் போகலாம் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்களிடம் அதற்குப் பிறகு விவாதம் செய்ய வேண்டியிருக்கவில்லை. இதற்கு மேல் எழுதுவதற்கில்லை. அந்தத் தாள்களை மட்டும் படிக்காமல் கிழித்தேன்.

*

நோட்டு 11. பஸ் பையன். அவனை அப்படித்தான் குறித்திருக்கிறேன். அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்.

பதினொன்றாம் வகுப்பு. மாலையில் கோச்சிங், ராத்திரி பதினோரு மணிக்கு வீடு. இந்த ஊரில் அப்போது ரேடியோவைத் திறந்தாலே கோச்சிங் விளம்பரம். ஒகட்டி, ஒகட்டி, ஒகட்டி, ரெண்டு, ரெண்டு, மூடு என்று ராங்குகளை ஏலம் போடுவது போலக் கத்துவார்கள். அமீர்பேட்டையில் சுவரெல்லாம் பாஸ்போர்ட் சைஸ் முகங்கள். பையன் அந்த முகங்களில் ஒன்றாக ஆக வேண்டும் என்பது வீட்டின் திட்டம். என்னிடம் மூன்று தடவை வந்தான். மூன்று தடவையும் "ஏம் லே மேடம்". நான் காத்திருந்தேன். காத்திருப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. ஆயம்மா பள்ளியில் படித்தவள் அல்லவா.

மூன்றாவது நாள் ஷூ கயிறு கட்டும்போது கேட்டான். "மேடம், இங்கேயிருந்து காச்சிகூடா ஸ்டேஷனுக்கு எந்த பஸ்?"

சொன்னேன். நம்பரும் சொன்னேன், எங்கே மாற வேண்டும் என்றும் சொன்னேன். 'சாயந்திரம் கூட்டமாக இருக்கும், கொஞ்சம் சீக்கிரம் போ' என்று உபசாரம் வேறு.

அடுத்த நாள் காலை அவன் அம்மா பள்ளி வாசலில் நின்றார். இரண்டு நாள் கழித்து வேறொரு ஊர் ரயில் நிலையத்தில், பத்திரமாக, பசியோடு கிடைத்தான். நல்ல வேளை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அந்த இரண்டு ராத்திரியும் இன்னும் முடியவில்லை. ஏன் கேட்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவன் கேட்கச் சொல்லித்தான் கேட்டான்.

அதற்குப் பிறகு நேராகக் கேட்கக் கற்றுக்கொண்டேன். எங்கேயாவது போயிடணும்னு தோணுதா? செத்துப்போயிடலாம்னு தோணுதா? முதல் தடவை அந்தச் சொல்லை ஒரு பதினைந்து வயதுப் பெண்ணிடம் வாய்விட்டுக் கேட்டபோது என் கை நடுங்கியது. இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்கிற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை, கேட்டால் பாரம் குறைகிறது என்பதைத் தற்கொலைத் தடுப்பு வேலையில் இருப்பவர்கள் வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறார்கள். சென்னையில் 1986லிருந்து சினேகா, செகந்திராபாத்தில் 1997லிருந்து ரோஷ்னி. அந்தப் பெண் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "ஆமா மிஸ். எப்படித் தெரியும்?" என்றாள். அவள் இப்போது இரண்டு குழந்தைகளின் தாய். தீபாவளிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு விளக்குப் படம் வரும், வேறு பேச்சில்லை.

முறமும் வேண்டும், கேள்வியும் வேண்டும். எது எப்போது என்பதை இருபத்துநாலு வருஷத்திலும் நான் முழுசாகக் கற்றுக்கொள்ளவில்லை.

*

2019 ஏப்ரல் 18. தெலங்கானா இன்டர்மீடியட் ரிசல்ட். முதல் வருஷம், இரண்டாம் வருஷம் சேர்த்து ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். மூன்று லட்சத்துக்கு மேல் ஃபெயில். எழுதியவர்களுக்கு வரவில்லை என்றும், வராதவர்களுக்கு மார்க் என்றும் குளறுபடி. தெலுங்கில் பூஜ்யம் என்று வந்த ஒரு மாணவிக்கு மறுபடி பார்த்தபோது 99. அடுத்த சில நாட்களில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தங்கள் உயிரை முடித்துக்கொண்டார்கள். அரசு மூன்று பேர் குழு போட்டது, ஃபெயிலான எல்லோருடைய தாள்களையும் இலவசமாகத் திரும்பப் பார்க்கச் சொன்னது. ஆயிரத்துச் சொச்சம் பேர் தேர்ச்சி பெற்றார்கள்.

பத்திரிகைகள் அந்தக் குளறுபடியைப் பற்றி எழுதின, எழுத வேண்டியதுதான். ஆனால் எங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் மகளின் மார்க்கில் எந்தக் குளறுபடியும் இல்லை. எம்.பி.சி. குரூப், ஃபிசிக்ஸில் நிஜமாகவே ஃபெயில். ரிசல்ட் அன்று சாயந்திரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். மேலே போகவும் இல்லை, கீழே போகவும் இல்லை. நான் இரண்டு கிலோ பச்சைப் பட்டாணியை வாங்கிவரச் சொல்லி, அந்தப் படியிலேயே கொட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஏப்ரலில் பட்டாணி யானை விலை. ராத்திரி ஒன்பதரை வரை உரித்தோம். நடுவில் நேராகவும் கேட்டேன். பதில் சொன்னாள். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். ஜூனில் சப்ளிமென்டரி எழுதி 41 வாங்கினாள். அவள் அப்பா அதற்கு ஜாங்கிரி வாங்கி மூன்று மாடிக்கும் கொடுத்தார்.

இங்கே தமிழ்நாட்டை ஒரு வார்த்தை புகழ வேண்டும். 2003 வாக்கில் அங்கே ஃபெயிலானவர்கள் அடுத்த மாதமே எழுதி, அந்த வருஷமே மேலே சேரும்படி உடனடித் துணைத் தேர்வைக் கொண்டுவந்தார்கள். தேர்வுத் தோல்வியால் வரும் சாவுகள் பிறகு குறைந்ததை டாக்டர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். சினேகாவைத் தொடங்கியவர் அவர்தான். ஒரு தேர்வு அட்டவணையை மாற்றுவது நூறு ஆலோசகர்கள் செய்கிற வேலையைச் செய்யும். இதைச் சொல்வதில் என் தொழிலுக்கு ஒரு கௌரவக் குறைவும் இல்லை.

*

2022ல் ஓய்வு. அந்த ஒரு வருஷத்தில் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. அதே வருஷம் அக்டோபர் 10ஆம் தேதி டெலிமானஸ் தொடங்கினார்கள். 14416. இரவு பகல் எப்போதும், தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம், காசு கிடையாது. எங்கள் லிஃப்டுக்குள் அந்த நம்பரை ஒட்டியிருக்கிறேன். செகரட்டரி இரண்டு தடவை கிழித்தார், அபசகுனம் என்று. மூன்றாவது தடவை பிள்ளையார் படத்துக்குக் கீழே ஒட்டினேன். இருக்கிறது.

2025 ஜூலை 25ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. விசாகப்பட்டினத்தில் நீட் படித்துக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பெண்ணின் சாவிலிருந்து வந்த வழக்கு. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ இருக்கிற எந்தக் கல்வி நிறுவனத்திலும், கோச்சிங் சென்டர், ஹாஸ்டல் உட்பட, தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்றது. மார்க்கைப் பார்த்துப் பிள்ளைகளைத் தனித்தனி பேட்ச்சாகப் பிரிக்கக் கூடாது என்றும் சொன்னது. அந்த இரண்டாவது வரியைப் படித்துவிட்டு நான் சத்தமாகவே சிரித்தேன். இந்த ஊரில் பேட்ச் இல்லாமல் ஒரு கட்டடமாவது உண்டா? ஆனாலும் எழுதியிருக்கிறார்களே. முதலியார் கமிஷன் 'படிப்படியாக' என்று விட்ட இடத்தை எழுபத்திரண்டு வருஷம் கழித்து 'வேண்டும்' என்று மாற்றியிருக்கிறார்கள்.

ஆலோசகரை எங்கே உட்கார வைப்பது என்று தீர்ப்பில் எழுத முடியாது. நீதிபதிகள் வேலை இல்லை அது.

*

நான் படித்த பள்ளிக்குப் போன மாதம் போனேன், பழைய மாணவிகள் கூட்டம். வராந்தாவை இடித்து மூன்று மாடி கட்டிவிட்டார்கள். பானை இருந்த இடத்தில் ஆர்.ஓ. மெஷின், நாலு குழாய். ஃபீஸ் ஆன்லைனில். கட்டாதவர்களின் பெயரை யாரும் வாசிப்பதில்லை, அம்மா போனுக்கு மெசேஜ் போகிறது. ஆயம்மாவின் பெயரை விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. எனக்கே தெரியாது என்பது அங்கே நின்று விசாரிக்கும்போதுதான் உறைத்தது. மூன்று வருஷம் அவள் அரிசியில் கல் பொறுக்கியிருக்கிறேன். பெயரைக் கேட்கவில்லை.

*

தீர்ப்பு வந்த பிறகு எங்கள் பக்கத்துத் தெருப் பள்ளி ஒன்றில் வாரம் இரண்டு நாள் வரச் சொல்லிக் கேட்டார்கள். முழங்கால் வலி, இருந்தாலும் சரி என்றேன். அறை காட்டினார்கள். கண்ணாடிக் கதவு, ஏ.சி., பிரின்சிபால் அறைக்கு அடுத்தது. பித்தளை எழுத்துக்குப் பதில் இப்போது அக்ரிலிக்.

கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் பழைய பெஞ்சுகள் போட்டு வைத்திருக்கும் அறையைக் கேட்டு, திங்கட்கிழமை கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. பல்லாங்குழியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தாயிற்று. புளியங்கொட்டை நாற்பது இருக்கிறது, இன்னும் முப்பது வேண்டும்.